பழைய வீட்டுக்கும் பொருந்துமா? – புகை அலாரம் சட்டமான கதை

போன மாதம் பெரியப்பா மகன் இங்கிலாந்திலிருந்து ஒரு படம் அனுப்பியிருந்தார். அண்ணன் அங்கே மேல்படிப்பு படிக்கிறார். மூன்று நண்பர்களோடு ஒரு வாடகை வீட்டில் இருக்கிறார். படத்தில் இருந்தது அந்த வீட்டின் கூரையில் ஒட்டியிருந்த வட்டமான வெள்ளை டப்பா. அதன்மேல் ஒரு பிளாஸ்டிக் பையை மாட்டி ரப்பர் பேண்டால் இறுக்கியிருந்தார்கள். கீழே ஒரு வரி: "தாளிச்சாலே கத்துது. அதான் வாயைக் கட்டிட்டோம்."

சிரித்துவிட்டு மறந்திருப்பேன். ஆனால் அடுத்து வந்த செய்திதான் இந்தப் பதிவுக்குக் காரணம். "கழட்டலாம்னா வீட்டுக்காரர் விடமாட்டேங்கிறார். சட்டமாம். குடிவந்த அன்னைக்கே பட்டனை அமுக்கி, சத்தம் வருதுன்னு காட்டி, கையெழுத்தும் வாங்கிக்கிட்டார்."

வாடகை ஒப்பந்தத்துக்குக் கையெழுத்து வாங்குவது தெரியும். ஒரு அலாரம் சத்தம் போட்டதற்குக் கையெழுத்தா? என்ன சட்டம் இது, எப்போது வந்தது, யார் காசில் வந்தது என்று தேட ஆரம்பித்தேன். தேடத் தேட சுவாரசியமாக இருந்தது. நான் பி.காம். மாணவன். பொறியியலும் தெரியாது, சட்டமும் படித்ததில்லை. விவரம் தெரிந்தவர்கள் திருத்தினால் சந்தோஷம்.

முதலில் அந்த டப்பா

1930-களின் பிற்பகுதி. ஸ்விட்சர்லாந்தில் வால்டர் யேகர் என்ற இயற்பியலாளர் விஷ வாயுவைக் கண்டுபிடிக்கும் ஒரு கருவியைச் செய்ய முயன்றுகொண்டிருந்தார். காற்றில் மின்னேற்றம் கொண்ட அயனிகளை உண்டாக்கி, அதனால் ஓடும் சின்ன மின்னோட்டத்தை அளப்பது அவர் திட்டம். விஷ வாயு உள்ளே நுழைந்தால் மின்னோட்டம் மாற வேண்டும். மாறவில்லை. வெறுத்துப்போய் ஒரு சிகரெட்டைப் பற்றவைத்தார், மீட்டர் முள் சட்டென்று இறங்கியது என்று சொல்கிறார்கள். கருவிக்கு விஷ வாயு தெரியவில்லை, புகை தெரிந்தது!

இதையொட்டி மற்றொரு ஸ்விஸ்காரரான எர்ன்ஸ்ட் மெய்லி 1940-களில் பயன்படக்கூடிய ஒரு கருவியை உருவாக்கினார். ஆனால் அது பெரிய நிறுவனங்கள் மட்டும் வாங்கக்கூடிய சமாச்சாரம். வீட்டுக்கு வரச் சிறிதாக வேண்டும், மலிவாக வேண்டும். அதற்கு உதவியது அமெரிசியம் என்ற கதிரியக்கத் தனிமம். 1944-ல் கிளென் சீபோர்க் குழுவினர் கண்டுபிடித்தது. அடுத்த ஆண்டு, முறையான அறிவிப்புக்கு முன்பே, சிறுவர்களுக்கான ஒரு வானொலி நிகழ்ச்சியில் ஒரு பையன் கேட்ட கேள்விக்குப் பதிலாக சீபோர்க் இதை உளறிவிட்டது தனிக்கதை :-)

ஒரு அலாரத்துக்குள் இருக்கும் அமெரிசியத்தின் அளவு, ஒரு கிராமை முப்பது லட்சத்துக்கும் மேற்பட்ட பங்குகளாகப் பிரித்தால் கிடைக்கும் ஒரு பங்கு. அது காற்றை அயனியாக்கி மின்னோட்டத்தை ஓட வைக்கிறது. புகைத் துகள்கள் நுழைந்தால் மின்னோட்டம் குறைகிறது, சங்கு ஊதுகிறது. அவ்வளவுதான். இதை விற்க அமெரிக்க அணுசக்தி ஆணையம் முதல் உரிமம் கொடுத்தது 1963-ல். இன்னொரு வகையும் உண்டு. அது ஒளிக்கற்றையில் புகை படும்போது சிதறும் வெளிச்சத்தை வைத்துக் கண்டுபிடிக்கும். கதிரியக்கம் தேவையில்லை.

இங்கே இரண்டாவது சிகரெட் வருகிறது. 1960-களில் அமெரிக்காவின் கொலராடோவில் டுவேன் பியர்சால் என்பவர், தொழிற்சாலைகளில் நிலைமின்சாரத்தைக் குறைக்கும் கருவியைச் செய்துகொண்டிருந்தார். அவரிடம் வேலை பார்த்தவர் பிடித்த சிகரெட்டின் புகை பட்டு மீட்டர் முள் ஆடியது. யேகருக்கு நடந்த அதே கதை. பியர்சால் ஒரு வியாபாரி. பேட்டரியில் ஓடும், ஒரே டப்பாவுக்குள் எல்லாம் அடங்கிய வீட்டு அலாரத்தைச் செய்து சந்தைக்குக் கொண்டுவந்தார். 1977-ல் தன் நிறுவனத்தை எமர்சன் எலெக்ட்ரிக்குக்கு விற்றார்.

காமர்ஸ் மாணவனாக எனக்குப் பிடித்த பகுதி விலைதான். 1970 வாக்கில் வீட்டுக்கான ஒரு அலாரம் ஏறக்குறைய 125 டாலர். வருடத்துக்குச் சில லட்சங்கள்தான் விற்றன. அடுத்த சில ஆண்டுகளில் விலை ஐந்தில் ஒரு பங்காக விழுந்தது. 1976-ல் விற்பனை 80 லட்சத்தைத் தொட்டது, 1977-ல் 1 கோடியே 20 லட்சம். விலை விழுந்தால் தேவை எழும் என்று முதல் செமஸ்டரில் கோடு போட்டுக் காட்டினார்களே, அந்தக் கோட்டை இவ்வளவு தெளிவாக வேறெங்கும் நான் பார்த்ததில்லை.

அப்படியென்றால் பிரச்சினை தீர்ந்ததா? டப்பா மலிவாகிவிட்டது, வேண்டுமென்பவர் வாங்கி மாட்டிக்கொள்ளட்டும், சட்டம் எதற்கு? இதற்குப் பதில் தெரிய, கொஞ்சம் பின்னால் போக வேண்டும்.

சிகாகோ, 1958 டிசம்பர் 1

'அவர் லேடி ஆஃப் தி ஏஞ்சல்ஸ்' என்பது சிகாகோவில் இருந்த ஒரு கத்தோலிக்கப் பள்ளி. அன்று மதியம், பள்ளி விடுவதற்குக் கொஞ்ச நேரம் முன்பு, அடித்தளத்தில் மாடிப்படியின் கீழே தீப்பிடித்தது. திறந்து கிடந்த மரப்படிகள் புகைபோக்கி மாதிரி வேலை செய்தன. இரண்டாவது மாடியில் பாடம் கேட்டுக்கொண்டிருந்தவர்களுக்கு விஷயம் தெரியும்போது வெளியே நடைபாதை முழுக்கக் கரும்புகை. கதவு வழியாகப் போக முடியாது. ஜன்னல்கள் உயரத்தில் இருந்தன. 92 மாணவர்களும் 3 கன்னியாஸ்திரீகளும் இறந்தார்கள்.

இதைப் படிக்கும்போது நம்மில் யாருக்கும் 2004 ஜூலை 16 நினைவுக்கு வராமல் இருக்காது. கும்பகோணத்தில் அன்று போன குழந்தைகள் 94 பேர். நான் அப்போது கைக்குழந்தை. ஆனால் ஒவ்வொரு ஜூலையிலும் அம்மா அந்த நாளைப் பற்றிப் பேசாமல் இருந்ததில்லை.

சிகாகோ பள்ளியைப் பற்றி என்னைத் தூக்கிவாரிப்போட்ட விஷயம் வேறு. அந்தப் பள்ளி சட்டத்தை மீறவில்லை! சில வாரங்களுக்கு முன்பு நடந்த தீப் பாதுகாப்புச் சோதனையில் தேறியிருந்தது. ஸ்பிரிங்க்ளர் கிடையாது. தானாக அடிக்கும் அலாரம் கிடையாது. மணி அடித்தாலும் அது தீயணைப்பு நிலையத்துக்குக் கேட்காது. எல்லாம் சட்டப்படி சரி. ஏனென்றால் சிகாகோவின் கட்டட விதிகள் 1949-ல் கடுமையாக்கப்பட்டபோது, அவை புதிதாகக் கட்டும் பள்ளிகளுக்கு மட்டும் என்று வைத்தார்கள். தீப்பிடித்த பகுதி கட்டப்பட்டது 1910-ல்.

இந்த மாதிரி விலக்குக்கு அங்கே 'தாத்தா விதி' என்று பெயர். அந்தப் பெயரின் பூர்வீகமும் நல்லதல்ல. உள்நாட்டுப் போருக்குப் பிறகு, தென் மாநிலங்களில் கறுப்பினத்தவர் வாக்களிப்பதைத் தடுக்க எழுத்தறிவுத் தேர்வு வைத்தார்கள். அதில் வெள்ளையர்கள் மாட்டிக்கொள்ளக் கூடாதே! அதனால் 1867-க்கு முன்பு வாக்குரிமை பெற்றிருந்தவர்களின் வாரிசுகளுக்குத் தேர்விலிருந்து விலக்கு கொடுத்தார்கள். 1915-ல் அமெரிக்க உச்ச நீதிமன்றம் இதைச் செல்லாது என்றது. பெயர் மட்டும் ஒட்டிக்கொண்டு கட்டட விதிகளுக்கு வந்துவிட்டது.

எங்கள் அக்கவுண்டன்ஸி வகுப்பில் புதிதாக ஒரு விதி வந்தால் சார் கேட்கும் முதல் கேள்வி: "இது பழைய கணக்குக்கும் பொருந்துமா, இனி வர்ற கணக்குக்கு மட்டுமா?" தீப் பாதுகாப்புச் சட்டத்தின் வரலாறு முழுவதும் இந்த ஒரே கேள்விதான் என்று எனக்குத் தோன்றுகிறது. புதுக் கட்டடத்துக்கு விதி போடுவது சுலபம். கட்டுபவர் செலவை விலையில் சேர்த்துவிடுவார், வாங்குபவருக்கு அது தனியாகத் தெரியாது. பழைய கட்டடம் அப்படி இல்லை. அங்கே ஏற்கெனவே ஒரு உரிமையாளர் இருக்கிறார், அவருக்கு ஓட்டும் இருக்கிறது. அவர் பையிலிருந்து காசு எடுக்கச் சொல்ல வேண்டும். எந்த அரசுக்கும் அது கசக்கும். ஆனால் மக்கள் தூங்குவது பெரும்பாலும் பழைய கட்டடங்களில்தான்.

சிகாகோவுக்குப் பிறகு இரண்டு விஷயங்கள் நடந்தன. ஒன்று, பழைய பள்ளிகளையும் சட்டத்துக்குள் இழுக்க ஆரம்பித்தார்கள். இரண்டு, 1959-ல் லாஸ் ஏஞ்சலிஸ் தீயணைப்புத் துறையினர் கைவிடப்பட்ட ஒரு பள்ளிக்கூடத்தில் வேண்டுமென்றே திரும்பத் திரும்பத் தீவைத்துப் பார்த்தார்கள். நெருப்பின் சூடு வருவதற்கு வெகு முன்பே புகை வழியை அடைத்துவிடுகிறது என்பது அதில் உறுதியானது. அதுவரை இருந்த பல அலாரங்கள் சூட்டை வைத்து அடிப்பவை. அதாவது, அடிக்கும்போது காலம் கடந்திருக்கும்.

வீட்டுக்குள் வந்த சட்டம்

பள்ளி பொது இடம். வீடு அப்படியல்ல. என் வீட்டுக் கூரையில் என்ன மாட்ட வேண்டும் என்று அரசு எப்படிச் சொல்லலாம்?

1973-ல் அமெரிக்க தேசிய ஆணையம் ஒன்று 'எரியும் அமெரிக்கா' என்ற பொருள்படும் தலைப்பில் அறிக்கை கொடுத்தது. ஆண்டுக்கு 12,000 பேர் தீயில் இறக்கிறார்கள் என்று மதிப்பிட்டது. பெரும்பாலான சாவுகள் வீட்டில் நடப்பவை. வீட்டுத் தீயில் ஆளைக் கொல்வது அதிகமும் புகைதான். தூங்குகிறவரைப் புகை நெடி எழுப்பிவிடும் என்று நினைப்போம். எழுப்பாது. கார்பன் மோனாக்சைடு தூக்கத்தை ஆழமாக்கிவிடும். எழுப்ப வேறொன்று வேண்டும்.

அடுத்து, அலாரம் நிஜமாகவே உதவுமா என்று சோதித்தார்கள். இண்டியானா மாநிலத்தில் ஏரிக்கரையில் ஒரு தேசியப் பூங்காவுக்காக அரசு வாங்கி, இடிக்க வைத்திருந்த வீடுகள் இருந்தன. 1970-களின் நடுவில் அந்த வீடுகளுக்குள் மெத்தையையும் சோபாவையும் கொளுத்தி, அலாரம் எப்போது அடிக்கிறது, தப்பிக்க எத்தனை நிமிடம் மிஞ்சுகிறது என்று அளந்தார்கள். மாடிக்கு ஒன்று வைத்தால் பெரும்பாலான தீ விபத்துகளில் தப்பிக்க நேரம் கிடைக்கும் என்று தெரிந்தது. இன்று பல நாட்டுச் சட்டங்களில் இருக்கும் 'மாடிக்கு ஒரு அலாரம்' என்ற கணக்குக்குப் பின்னால் இந்த எரிந்த வீடுகள் இருக்கின்றன.

சட்டங்கள் வந்தன. பெரும்பாலும் முதலில் புது வீட்டுக்குத்தான். மேரிலாந்து மாநிலத்தின் மான்ட்கோமரி கவுன்ட்டி மாதிரி சில இடங்கள் மட்டும் துணிந்து, 1978-லேயே பழைய வீடுகளுக்கும் கட்டாயம் என்றன. மற்ற நாடுகள் எடுத்துக்கொண்ட நேரத்தைப் பாருங்கள்:

- ஜப்பான்: சட்டத் திருத்தம் 2004-ல். புது வீடுகளுக்கு 2006 ஜூன் முதல். பழைய வீடுகளுக்கு 2011 வரை அவகாசம். மாட்டாவிட்டால் தண்டனை கிடையாது.

- ஜெர்மனி: கட்டட விதி அங்கே மாநிலங்களின் அதிகாரம். முதலில் ரைன்லாந்து-பலட்டினேட், 2003-ல். கடைசியாக சாக்சனியில் பழைய வீடுகளுக்கான அவகாசம் முடிந்தது 2023 டிசம்பரில். இருபது வருடம்!

- ஆஸ்திரேலியாவின் நியூ சவுத் வேல்ஸ்: 2006 மே முதல் புதியது, பழையது எல்லா வீடுகளுக்கும்.

- ஆஸ்திரேலியாவின் குயின்ஸ்லாந்து: 2011 ஆகஸ்டில் ஸ்லாக்ஸ் கிரீக் என்ற இடத்தில் ஒரே வீட்டில் 11 பேர் இறந்தார்கள். மரண விசாரணைக்குப் பிறகு 2016-ல் கடுமையான சட்டம் இயற்றினார்கள். ஒவ்வொரு படுக்கையறையிலும் அலாரம், எல்லாம் ஒன்றோடொன்று இணைந்திருக்க வேண்டும், ஒன்று அடித்தால் எல்லாம் அடிக்க வேண்டும். புது வீடுகளுக்கு 2017, வாடகைக்கு விடும் வீடுகளுக்கும் விற்கும் வீடுகளுக்கும் 2022, மீதி எல்லாவற்றுக்கும் 2027 ஜனவரி 1 என்று படிப்படியாகக் கெடு வைத்தார்கள்.

- சிங்கப்பூர்: 2018 ஜூன் முதல் புது வீடுகளுக்கும், தீப் பாதுகாப்பு சம்பந்தப்பட்ட மாற்றங்கள் செய்யும் வீடுகளுக்கும்.

வரிசை எல்லா இடத்திலும் கிட்டத்தட்ட ஒன்றுதான். புதியது, பிறகு வாடகை, பிறகு விற்பனை, கடைசியில் சொந்தமாகக் குடியிருப்பவரின் பழைய வீடு. யாரைக் கேட்பது சுலபமோ அவரிடமிருந்து தொடங்குகிறார்கள்.

யார் காசு?

இப்போது அண்ணன் வீட்டுக்காரரிடம் வருவோம். இங்கிலாந்தில் 1992 முதல் புதிதாகக் கட்டும் வீடுகளில் அலாரம் வந்துவிட்டது. பழைய வாடகை வீடுகளுக்குச் சட்டம் வந்தது 2015 அக்டோபர் 1-ல்தான். தனியார் வீட்டு உரிமையாளர்கள், ஆட்கள் வசிக்கும் ஒவ்வொரு மாடியிலும் குறைந்தது ஒரு புகை அலாரம் வைக்க வேண்டும். குடிவரும் நாளில் அது வேலை செய்வதைச் சோதிக்க வேண்டும். உள்ளாட்சி நோட்டீஸ் கொடுத்தும் செய்யாவிட்டால் 5,000 பவுண்டு வரை அபராதம். 2022 அக்டோபரில் அரசு சார்ந்த சமூக வீடுகளையும் சேர்த்தார்கள். ஆக, அந்தக் கையெழுத்து அவருடைய அத்தாட்சி. நாளை யாராவது கேட்டால் காட்டலாம்.

ஆனால் அதே இங்கிலாந்தில் ஒருவர் தன் சொந்தப் பழைய வீட்டில் குடியிருந்தால், அலாரம் மாட்டச் சொல்லி இந்தச் சட்டம் கேட்காது. பக்கத்து ஸ்காட்லாந்து 2022 பிப்ரவரியில் எல்லா வீடுகளுக்கும் கட்டாயமாக்கிவிட்டது. கூடத்தில், ஒவ்வொரு மாடியின் நடையிலும் புகை அலாரம், சமையலறையில் சூட்டை உணரும் அலாரம், எல்லாம் ஒன்றோடொன்று இணைந்து. சமையலறைக்குச் சூட்டு அலாரம் என்பதைக் கவனியுங்கள். தாளிப்பவர்களின் கஷ்டம் யாருக்கோ புரிந்திருக்கிறது :-)

பிரான்ஸ் இந்தக் காசுக் கேள்வியில் தடுமாறியது. 2010 மார்ச்சில் வந்த சட்டம், வீட்டில் குடியிருப்பவரே அலாரத்தை மாட்ட வேண்டும் என்றது. அதாவது வாடகைக்கு இருப்பவர் காசு. நாளை காலி செய்துவிட்டுப் போகிறவர் அடுத்தவர் கூரைக்கு ஏன் செலவு செய்வார்? 2014-ல் மாற்றினார்கள். வாங்கி மாட்டுவது உரிமையாளர் பொறுப்பு, பேட்டரி பார்த்துப் பராமரிப்பது குடியிருப்பவர் பொறுப்பு. 2015 மார்ச்சில் நடைமுறைக்கு வந்தது. எனக்கு இது நியாயமான பங்கீடாகத் தெரிகிறது. சொத்து யாருடையதோ மூலதனச் செலவு அவருடையது. அனுபவிப்பவர் யாரோ வருவாய்ச் செலவு அவருடையது.

பிளாஸ்டிக் பை

சட்டத்தால் ஒன்று மட்டும் முடியவில்லை. ஏணி போட்டு ஏறிப் பேட்டரியைக் கழற்றுகிற கையைத் தடுக்க முடியவில்லை.

அமெரிக்காவில் 1970-களின் தொடக்கத்தில் நூற்றுக்கு ஐந்து வீடுகளில்கூட அலாரம் இல்லை. 1990-களில் பத்தில் ஒன்பது வீடுகளில் இருந்தது. வீட்டுத் தீயில் இறந்தவர்கள் 1977-ல் 5,800-க்கும் மேல். 2010-ல் 2,600 சொச்சம். இதில் முழுப்பெருமையும் அலாரத்துக்குக் கொடுக்க முடியாது. சிகரெட் பிடிப்பது குறைந்தது, மெத்தைகள் எளிதில் தீப்பிடிக்காதபடி மாறின. ஆனாலும் வேலை செய்யும் அலாரம் உள்ள வீட்டில் தீப்பிடித்தால் சாகும் அபாயம் பாதிக்கும் கீழே குறைகிறது என்பது அங்கே திரும்பத் திரும்பக் கணக்கெடுத்த விஷயம். மறுபக்கம், வீட்டுத் தீயில் இறப்பவர்களில் ஐந்தில் மூன்று பேர் அலாரமே இல்லாத, அல்லது இருந்தும் வேலை செய்யாத வீடுகளில் இறக்கிறார்கள். வேலை செய்யாததற்கு முக்கியமான காரணம் பேட்டரி. தீர்ந்துபோனது, அல்லது யாரோ கழற்றியது. சமையல் புகைக்குக் கத்துகிறதே என்று கழற்றியவர்கள் அதில் நிறைய.

அதனால் சட்டம் இப்போது பேட்டரி வரை வந்திருக்கிறது. கலிபோர்னியா 2014 ஜூலை முதலும் நியூயார்க் மாநிலம் 2019 ஏப்ரல் முதலும், பேட்டரியில் மட்டும் ஓடும் புதிய அலாரங்களில் பத்து வருடம் உழைக்கும், கழற்ற முடியாத பேட்டரியைக் கட்டாயமாக்கின. கழற்ற முடிந்தால்தானே கழற்றுவீர்கள்!

ஆனால் எந்தச் சட்டத்தாலும் இதுவரை பிளாஸ்டிக் பையை முழுதாகத் தடுக்க முடியவில்லை. சிகாகோவில் அந்தப் பிள்ளைகள் போனதற்குப் பிறகு அறுபத்து சொச்சம் வருடங்கள். கைவிட்ட பள்ளியை எரித்தார்கள், இடிக்கப் போகும் வீடுகளை எரித்தார்கள், உரிமையாளர்களோடு மல்லுக்கட்டினார்கள், ஒரு வழியாக அந்த டப்பா பழைய வாடகை வீட்டின் கூரை வரை வந்து சேர்ந்தது. அங்கே நம்ம அண்ணன் ஒரு ரப்பர் பேண்டோடு நிற்கிறார்.

இதையெல்லாம் படித்துவிட்டு அவருக்கு போன் செய்தேன். அந்த வீடு எப்போது கட்டியது என்று கேட்டேன். "தெரியலடா, நூறு வருஷம் இருக்கும்னு சொல்றாங்க, படியெல்லாம் மரம்" என்றார். எத்தனை பேர் மேலே தூங்குகிறீர்கள் என்றேன். "நாலு பேரும் மேலதான்" என்றார். கொஞ்ச நேரம் பேசவில்லை. நான் சிகாகோவைப் பற்றிச் சொன்னேன். பிறகு "சரி, சமைக்கும்போது கதவைச் சாத்திட்டு ஜன்னலைத் திறந்து வெச்சுக்கறேன்" என்றார்.

மறுநாள் இன்னொரு படம் வந்தது. டப்பா மேல் பை இல்லை.

உங்களில் வெளிநாட்டில் இருப்பவர்கள், உங்கள் வீட்டு அலாரத்தின் பட்டனைக் கடைசியாக எப்போது அமுக்கிப் பார்த்தீர்கள் என்று பின்னூட்டத்தில் சொல்லுங்கள். சொல்வதற்கு முன்னால் ஒருமுறை அமுக்கிப் பார்த்துவிடுங்கள்.